விளிம்பில் ஒரு சாக்கு

சயானில் ஏறி கரி ரோட்டில் இறங்குவதற்குள்
ஓர் அத்தியாயம் முடிந்துவிடும்.
மாட்டுங்கா வரும்போது மேஜர் திகழன்
பதினேழு பேரைச் சமாளித்துக்கொண்டிருப்பான்.
தாதரில் கூட்டம் என்னைக் கம்பியோடு சேர்த்து அமுக்கும்.
ஒற்றைக் கையில் புத்தகம்,
பக்கத்தைப் புரட்ட மூக்கு.
பரேல் தாண்டும்போது அவன்
ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிப்பான்.
இடுப்பில் கயிறு.
கயிறு கைப்பிடிச் சுவரில் உரசும்.
ஒரு புரி போகும். இன்னொரு புரி போகும்.
கடைசிப் புரியில் அத்தியாயத்தை நிறுத்திவிட்டு
எழுத்தாளர் டீ குடிக்கப் போயிருப்பார்.

எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் வரும்.
ஒரு சாக்கை நாலாக மடித்து
விளிம்பில் போட்டிருந்தால்
இந்த அத்தியாயமே இருந்திருக்காதே, ஐயா.

முப்பத்தோரு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தில்
நான் மேலே நிற்கிறவன்.
கயிற்றில் இறங்கித் துடைப்பவன் சுடலைமுத்து.
அவனை எல்லாரும் பார்ப்பார்கள்.
உள்ளே மீட்டிங்கில் இருப்பவர்கள்
பேச்சை நிறுத்திப் படம் எடுப்பார்கள்.
அவனும் வைப்பரை ஆட்டிக் காட்டுவான்.
மொட்டைமாடியில், தண்ணீர்த்தொட்டித் தூணருகே
முடிச்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்குப்
படம் கிடையாது.
பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை.
ஆகையால் வேலை நேரத்தில் படிப்பதில்லை.
டிபன் டப்பாவுக்கு அடியில் மேஜர்
கடைசிப் புரியில் தொங்கிக்கொண்டிருப்பான்.

எத்தனை நாவல்!
தொண்ணூறு அடி ரோட்டில்
பழைய பேப்பர் எடுக்கும் சேகு மைதீன்
எடைக்கு எடை தருவார்.
புதையல், நீர்மூழ்கி, பாலைவனம்,
மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போகும் நண்பன்.
சாவதற்கென்றே ஜோக் அடிப்பான் அவன்.
பெண்டாட்டிக்குப் போன் செய்தால் முடிந்தது,
அடுத்த பக்கத்தில் தோட்டா.
இதைப் படித்த நாளிலிருந்து
இறங்குவதற்கு முன்னால் சுடலை வீட்டுக்குப் பேசினால்
எனக்கு வயிற்றைக் கலக்கும்.
முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பேன்.
நாவலால் பிரயோசனம் இல்லையென்று
யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மே கடைசியில் ஒரு நாள், மூன்றரை மணி.
வொர்லிப் பக்கமிருந்து காற்று
சொல்லாமல் கொள்ளாமல் வந்தது.
வாளி பிய்த்துக்கொண்டு போனது.
பத்தொன்பதாம் மாடிக்கு எதிரே சுடலை
அந்தக் கோடிக்கு ஒரு தரம், இந்தக் கோடிக்கு ஒரு தரம்.
வாக்கிடாக்கியில் கதம் மராத்தியில் கத்தினார்.
நான் தமிழில் பதில் சொன்னேன்,
என்னவென்று ஞாபகமில்லை.
சாக்கு நகரப் பார்த்தது.
அதன்மேல் நெஞ்சை வைத்துப் படுத்தேன்.
வீரம் என்று எதுவும் வரவில்லை.
எதிரே பழைய மில்லின் புகைபோக்கி,
அதன் உச்சியில் ஓர் அரசங்கன்று.
ஆடியது. நின்றது. ஆடியது.

நின்றது.

பதினோரு நிமிஷம்.
சுடலை கீழே இறங்கி
சர்வீஸ் லிஃப்டில் மேலே வந்து
"வாளிக்குக் கூலியில பிடிப்பானுவளா?" என்றான்.
என் சட்டையில் சாக்கின் அச்சு
கட்டம் கட்டமாக.
அவ்வளவுதான்.
எதுவும் அறுந்துபோகவில்லை;
இதில் எங்கே அத்தியாயத்தை நிறுத்துவது?

அன்று ரயிலில் மிச்சத்தைப் படித்தேன்.
மேஜர் தப்பித்துவிட்டான்.
ஹெலிகாப்டர்.
மேலே கயிறு கட்டியது யாரென்று
நூற்றறுபது பக்கத்திலும் இல்லை.
பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினேன்:
'கட்டியவன் பெயர் தேவசகாயம்.
சாக்கு போட்டிருந்தான்.'
என் பெயர்தான்.

புத்தகம் மைதீன் கடைக்கே திரும்பிப் போனது.
மழை போய், தீபாவளியும் போன பிறகு
வேறொரு கட்டில், அட்டையில்லாமல்
மறுபடி கைக்கு வந்தது.
என் எழுத்துக்குக் கீழே
பென்சிலில், குண்டு குண்டாக, யாரோ:
'எந்த முடிச்சுன்னு போடலையே, அண்ணே?'